ஏழடிக் குழாய்

(புனேவில் வாழும் தமிழர்களின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "கடலே இல்லாத ஊரில், கடலுக்கடியில் போடுகிற குழாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் போகிறீர்களாமே?" என்றார். நியாயமான கேள்விதான். புனே கடல்மட்டத்துக்குச் சுமார் 560 மீட்டர் மேலே இருக்கிறது. ஆனாலும் மழைக்காலம் முடிந்ததும் வெள்ளிக்கிழமை இரவு இங்கிருந்து கிளம்பி, காட் எனப்படும் மலைச்சாலை இறங்கி, சனிக்கிழமை காலை கொங்கண் கரையின் தார்கர்லியில் சிலிண்டரும் முதுகுமாக நிற்பவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். கொஞ்சம் கை தூக்குங்கள். பன்னிரண்டு பேர். இன்றைய பேச்சு இந்தப் பன்னிரண்டு பேருக்கும், அவர்களை அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை வரை வயிற்றில் நெருப்போடு காத்திருக்கும் வீட்டாருக்கும்.

டைவருக்கு மூச்சுக்காற்றைக் கொடுக்கும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். அந்தப் பெயரை நாம் அன்றாடம் கேட்கிறோம். சமையலறையில் கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதன் பெயரும் அதுதான். இரண்டுக்கும் உறவுமுறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரோடு சேர்ந்து அதைத் தண்ணீருக்கு ஏற்றபடி மாற்றினார். 1943இல் அக்வாலங் என்ற மூச்சுக் கருவி பிறந்தது. உலகமெங்கும் டைவர்கள் மூச்சு விடுவது எரிவாயு வால்வின் வழிவந்த ஒரு கருவியில்தான்.

அது செய்யும் வேலை எளிது. சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. சிலிண்டர் கழுத்தில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட ஒன்பது, பத்து பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கிறது. அந்தக் காற்று ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக வாய்க்கு வருகிறது. வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ், நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, இழுத்த அளவுக்குக் கொடுக்கிறது. நான் இன்று பேசப் போவது நடுவில் இருக்கும் அந்த ஹோஸைப் பற்றி மட்டும்தான். அது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், உடம்பில் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற இரண்டே கேள்விகள்.

முதலில் என் கதை. பல ஆண்டுகளுக்கு முன், கொங்கண் கரையோரம், 16 மீட்டர் ஆழம். தண்ணீர் நம் வீட்டு ரசம் மாதிரி. கையை நீட்டினால் விரல் நுனி மங்கும். பாறையிடுக்கில் மீன் பார்த்துக்கொண்டிருந்த என் கூட்டாளி சட்டென்று என் முகத்துக்கு நேரே வந்தார். கண்கள் இரண்டும் மாஸ்க் கண்ணாடியை நிறைத்திருந்தன. கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினார். காற்று இல்லை என்று அர்த்தம். எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி, ஆக்டோபஸ் எனப்படும் மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரை எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும். விலாப்பக்கம் கையைக் கொண்டுபோனேன். கொக்கி இருந்தது, ஆக்டோபஸ் இல்லை. எப்போதோ கழன்று முதுகுக்குப் பின்னால் வால் மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்தது. நான் தேடிய அந்த மூன்று நொடியை அவரால் பொறுக்க முடியவில்லை. என் வாயில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்.

துழாவி என் ஆக்டோபஸைக் கண்டுபிடித்து வாயில் வைத்தேன். அவர் வாயில் இருந்த ஹோஸோ வெறும் 70 சென்டிமீட்டர், ஒரு தலைக்கென்று வெட்டியது. இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்ட, முழங்கால் முழங்காலை உதைக்க, கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரே இலைக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி மேலே வந்து சேர்ந்தோம். என் சிலிண்டரில் காற்று தாராளமாக இருந்தது. பங்கு போடத்தான் வழியில்லை.

படகில் அவர்மேல் எனக்குக் கோபம். வீடு திரும்பும் வழியில் கோபம் தணிந்து யோசனை வந்தது. மூச்சுக்குத் தவிப்பவன் மஞ்சள் நிறத்தைத் தேட மாட்டான். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் கை வைப்பான். காற்று அங்கே இருக்கிறது என்பதற்குக் குமிழியே சாட்சி. என் வாயில் இருப்பதுதான் அடுத்தவருக்குப் போகும் என்றால், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு இறங்குவதுதானே புத்தி? உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். வாயில் இருப்பது கூட வருபவருக்கு. அப்படி முடிவு செய்துவிட்டால் ஹோஸின் நீளமும் வழியும் தாமாக வந்து அமையும்.

இங்கே தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் இருந்தால், இது எங்கள் ஊர்ப் பழைய பாடம் என்று சிரிப்பீர்கள். முத்துக்குளிப்பில் கல்லோடு கீழே இறங்குபவர் ஒருவர், படகில் கயிறு பிடிப்பவர் ஒருவர். கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது, கயிறு அசைந்தால் கண்ணயர மாட்டான். 1961இல் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. சிலிண்டர் வந்த பிறகு கயிறு போய்விட்டது. அந்த மச்சானின் வேலையை இப்போது ஹோஸ் பார்க்கிறது.

நீள ஹோஸ் கடலில் பிறக்கவில்லை, குகையில் பிறந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் மைல் கணக்கில் தண்ணீர் நிறைந்த குகைகள் இருக்கின்றன. 1960களிலும் 70களிலும் அங்கே இறங்கியவர்கள் பலர் திரும்பவில்லை. ஷெக் எக்ஸ்லி என்ற டைவர் அந்த மரணங்களை ஒவ்வொன்றாக அலசி ஒரு சிறு நூல் எழுதினார். வெளிவாசல் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. இப்படிப்பட்ட விதிகளை அந்த நூல் நிலைநிறுத்தியது. அதே குகைக்காரர்களிடமிருந்துதான் நீள ஹோஸும் வந்தது. குகையில் மேலே கிளம்பிப் போக முடியாது. வந்த வழியிலேயே நீந்தித் திரும்ப வேண்டும். அந்த வழி பல இடங்களில் ஒரு ஆள் அகலம்தான்.

நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். சதாசிவ பேட்டையில் பழைய வாடா வீடுகளின் மரப்படியில் ஏறியிருப்பீர்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் பக்கத்தில் நிற்க இடமில்லை. அந்தப் படியில் இரண்டு பேர் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. காற்று இல்லாதவர் முன்னே போக வேண்டும். கொடுத்தவர் அவரைப் பார்த்துக்கொண்டே பின்னால் வர வேண்டும். அப்படியானால் ஹோஸ், பின்னால் வருபவரின் முதுகிலிருந்து கிளம்பி, முன்னால் போகிறவரின் துடுப்பு, கால், இடுப்பு எல்லாவற்றையும் தாண்டி அவர் வாய்க்கு எட்ட வேண்டும். அளந்து பாருங்கள், ஏறக்குறைய 2.1 மீட்டர் வரும். ஏழடி. அந்த எண் வந்த கதை இவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இந்த ஏழடி ஹோஸை உபரி ரெகுலேட்டருக்குத்தான் போட்டார்கள். சுருட்டி சிலிண்டர் ஓரத்தில் ரப்பர் வளையத்தில் செருகி வைத்தார்கள். ஆபத்து வரும்போது அதை உருவி எடுக்க வேண்டும். சில நேரம் வந்தது, சில நேரம் சிக்கியது. உள்ளே மணல் ஏறியிருந்தாலும் தெரியாது, ஏனென்றால் யாரும் அதில் மூச்சு விட்டுப் பார்ப்பதில்லை. பிறகுதான் நீள ஹோஸையே தங்கள் வாய்க்கு மாற்றினார்கள். இதைப் புளோரிடாவின் குகை டைவர் பில் ஹோகார்த் மெயின் என்பவரின் பெயரால் ஹோகார்தியன் முறை என்று இன்றும் அழைக்கிறார்கள். அதன் அடிப்படை இதுதான்: நான் இவ்வளவு நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைத்தான் உனக்குக் கொடுக்கிறேன். அது வேலை செய்கிறது என்பதற்கு நான் உயிரோடிருப்பதே சான்று.

இப்போது கடைக்குப் போகலாம். கேட்பவர்களுக்கெல்லாம் ஏழடி என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சுமார் ஒரு மீட்டர். வலது அக்குளுக்குக் கீழே வந்து, வாய்க்கருகே சுழலும் முழங்கை இணைப்பு ஒன்று வைத்து நேராக வாய்க்குப் போகும். படகிலிருந்து இறங்கி, பவளப்பாறை பார்த்து, மேலே ஏறும் சாதாரணக் கடல் டைவுக்கு இது போதும். இருவரும் தோளோடு தோள் சேர்ந்து மேலே வரலாம்.

இரண்டு, ஒன்றரை மீட்டர், ஐந்தடி. வலது கைக்குக் கீழே, மார்பின் குறுக்கே, இடது தோளுக்கு மேலே, கழுத்தைச் சுற்றி வாய்க்கு. எங்கும் செருக வேண்டியதில்லை. ஒற்றைச் சிலிண்டர் போடுகிறவருக்கு, தண்ணீர் கலங்கலாக இருக்கும் நம் கொங்கண் கடலுக்கு, நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒல்லியான, குள்ளமான உடம்புக்கு மட்டும் இது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். வாங்குவதற்கு முன் மாட்டிப் பாருங்கள்.

மூன்று, ஏழடி. தலைக்கு மேல் கூரை இருக்கும் இடங்களுக்கு. அப்படி இடம் நமக்கு எங்கே என்று கேட்காதீர்கள். போலந்தில் கட்டப்பட்டு 1985இல் நம் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் குல்தார் என்ற தரையிறக்கக் கப்பல் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றது. 80 மீட்டருக்கு மேல் நீளம். சிந்துதுர்க் மாவட்டத்தில் நிவதி பாறைக்கு அருகே அதை மூழ்கவைத்து டைவர்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக்க மகாராஷ்டிர அரசு திட்டம் வகுத்தது. கப்பலை வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பது ஒன்று. உள்ளே நுழைவது வேறு: அது வாடா வீட்டு மரப்படி. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஏழடியும் வேண்டும். ஹோஸ் வாங்கிவிட்டேன் என்பதற்காக உள்ளே போகாதீர்கள்.

நீளம் கூடினால் மூச்சு இழுக்கச் சிரமமாக இருக்குமா என்று எப்போதும் கேட்பார்கள். இருக்காது. ஒன்பது, பத்து பார் பின்னாலிருந்து தள்ளும்போது ஒரு மீட்டர் கூடுதல் குழாய் உங்கள் நெஞ்சுக்குத் தெரியாது.

அடுத்தது வழி. தம்பி, முன்வரிசை, நீலச் சட்டை, கொஞ்சம் மேடைக்கு வாருங்கள். இந்த சிலிண்டர் காலிதான், பயப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

பாருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வலப்பக்கத் துளையிலிருந்து ஹோஸ் கீழ்நோக்கிக் கிளம்புகிறது. வலது விலாவை ஒட்டி இடுப்புக்கு வருகிறது. இடுப்பில் பெரிய பேட்டரி விளக்கு இருந்தால் அதன் அடியில் மாட்டும். தம்பியிடம் அது இல்லை, அதனால் ஒரு வளையமாக மடித்து இடுப்பு வாரில், இந்தப் பைக்குப் பின்னால் செருகுகிறேன். அங்கிருந்து மார்பின் குறுக்கே இடது தோளுக்கு, கழுத்தின் பின்புறம் சுற்றி, வலப்பக்கமாக வாய்க்கு. அங்கவஸ்திரம் போடத் தெரிந்தவருக்கு இதைக் கற்றுத்தர ஐந்து நிமிடம் அதிகம்.

அங்கவஸ்திரத்தைச் சட்டைக்கு உள்ளே யாராவது போடுவார்களா? இங்கேயும் அதே சட்டம்தான். உபரி ரெகுலேட்டரை 55, 60 சென்டிமீட்டர் குட்டை ஹோஸில், வலது தோள் வழியாகக் கொண்டுவந்து, எலாஸ்டிக் கயிற்றில் கோத்து, தாடைக்குக் கீழே அட்டிகை மாதிரி போட்டுக்கொள்கிறோம். அதை முதலில் போட வேண்டும். பிறகு மிதவைச் சட்டையின் ஹோஸ், விளக்கு வயர். எல்லாவற்றுக்கும் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, நீள ஹோஸ். அதன்மேல் ஒரு வார், ஒரு கொக்கி, ஒரு கேமராக் கயிறு கிடந்தாலும் கொடுக்கும் நேரத்தில் இழுத்துப் பிடிக்கும். மாஸ்க்கின் இடது பக்கம் ஸ்நார்க்கெல் மாட்டுகிறவர்கள் அதைக் கழற்றிப் பையில் வையுங்கள். கழுத்தைச் சுற்றிய ஹோஸ் வெளியே வரும்போது முதலில் சிக்குவது அதில்தான்.

இப்போது கொடுப்பது. சிலிண்டரைக் கழற்றிக் கொடுங்கள், அதே மாதிரி நான் மாட்டிக்கொள்கிறேன். தம்பி, உங்களுக்குக் காற்று தீர்ந்துவிட்டதாக நடியுங்கள். சிரிக்கக் கூடாது. நான் வாயிலிருப்பதை வலது கையால் எடுக்கிறேன். தலையைக் குனிகிறேன், குனிந்ததும் ஹோஸ் கழுத்தைவிட்டுத் தானாக வழுக்கி வருகிறது. அவர் வாய்க்கு நேரே, மவுத்பீஸ் அவர் பக்கம் இருக்கும்படி நீட்டுகிறேன். இடது கை அதே நேரத்தில் தாடைக்குக் கீழே இருப்பதை எடுத்து என் வாயில் வைக்கிறது. பிறகு இடுப்பில் செருகிய வளையத்தை உருவி முழு நீளத்தையும் விடுகிறேன். அவ்வளவுதான். நான் எதையும் தேடவில்லை, அவர் எதையும் பிடுங்கவில்லை.

தண்ணீரில் இறங்கியதும், ஆழம் போகுமுன், ஒவ்வொரு முறையும் இதை ஒருவருக்கொருவர் செய்து பாருங்கள். எங்காவது மாட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சுற்றி மறுபடி போட அரை நிமிடம்.

ஹோஸின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேஸ் அடுப்பின் ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். அந்த அக்கறையில் பாதியை இதற்கும் காட்டுங்கள். உலோக முனையும் ரப்பரும் சேரும் இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். அந்த இடத்தை மூடும் பிளாஸ்டிக் உறை ஹோஸைக் காப்பதாகத் தெரியும், ஆனால் அடியில் இருக்கும் வெடிப்பையும் துருவையும் மறைத்துவிடும். உறையைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். பின்னல் நூல் உறை போட்ட ஹோஸ்கள் எடை குறைவு, நன்றாக வளையும். கழுத்தைச் சுற்றும் நீள ஹோஸுக்கு அது சுகம். ஆனால் அப்படிப்பட்ட சிலவற்றில் உள்குழாயின் பாலியுரித்தேன் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, உள்ளே படிகம் படிகமாகப் படிந்து காற்றை அடைத்த சம்பவங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதாகவே இருக்கும். மே மாத வெயிலில் காரின் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். வருடாந்திர சர்வீஸின்போது உள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

குழாய் நீளமாக இருந்தால் போதுமா? அதன் வழியே போகக் காற்று இருக்க வேண்டும். ஒரு கணக்கு. 18 மீட்டர் ஆழத்தில் இருவருக்கு ஒரே சிலிண்டர். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வையுங்கள், இருவருக்கும் 40. அங்கே அழுத்தம் 2.8 பார், ஆகவே நிதானிக்க எடுக்கும் ஒரு நிமிடத்துக்கு 112 லிட்டர். 5 மீட்டருக்கு ஏற ஏறக்குறைய ஒன்றரை நிமிடம், சுமார் 130. அங்கே மூன்று நிமிட நிறுத்தம், 180. மேலே வர இன்னொரு நிமிடம், 50. மொத்தம் சுமார் 470 லிட்டர். நாம் வழக்கமாக எடுக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் இது 43 பார். 50 பாரில் திரும்பலாம் என்று படகில் சொல்வார்களே, அது கடலடியில் கிளம்பும் கணக்கா, படகில் ஏறும் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு உயிர் இருக்கிறது.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. அதைப் புனேக்காரர்கள் அருகிலிருந்தே பார்த்தார்கள். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு கால்பந்துச் சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். குகையிலிருந்து தண்ணீரை இறைக்கும் வேலைக்கு ஆலோசனை சொல்ல நம் புனேயின் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் வல்லுநர்கள் போனார்கள். ஜூலை 2 அன்று இரண்டு பிரிட்டிஷ் டைவர்கள் சிறுவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 6 அன்று, குகைக்குள் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் நினைவிழந்து இறந்தார். பயிற்சி பெற்றவருக்கே அந்த கதி.

அந்தச் சிறுவர்களை நீள ஹோஸ் கொடுத்துக் கூட்டிவந்தார்களா? இல்லை. டைவிங் தெரியாத, கும்மிருட்டில் தவிக்கிற குழந்தையின் வாயில் ஒரு மவுத்பீஸை நம்பி விட முடியாது. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் போட்டு, ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, ஆளுக்கொரு சிலிண்டர் கட்டி, ஒவ்வொருவராகச் சுமந்து வந்தார்கள். ஜூலை 10க்குள் பதின்மூன்று பேரும் வெளியே. காற்றை வாங்குபவருக்கும் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் குகை காட்டியது. ஆகையால் கணவர் மட்டும் நீள ஹோஸ் வாங்கிக்கொண்டு, மனைவிக்கு அது எங்கிருந்து வரும் என்றே சொல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். நீச்சல் குளத்தில் இருவரும் பத்து முறை கொடுத்து வாங்கிப் பழகிவிட்டு, அதன் பிறகு காட் இறங்குங்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தம்பி, பாவம், இன்னும் அந்த ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். திருப்பிக் கொடுங்கள். சுருட்டிக் கொடுக்காதீர்கள். நீங்கள் அந்தக் கோடிக்குப் போங்கள், நான் இங்கேயே நிற்கிறேன். முழு நீளமும் தடையில்லாமல் வருகிறதா என்று சபை ஒரு தடவை பார்க்கட்டும்.

வந்துவிட்டது.